கொம்போஸ்தெலாவுக்கு நான் கொடுத்த அர்த்தம்

அச்சகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் இருவருக்கும் பயன்படும்படி நாலு பக்கம் எழுதித் தரும்படி முதலாளி கேட்டார். இயந்திரத்தைப் பற்றி எழுத என்னிடம் எதுவும் இல்லை. நான் விட்டுவந்த இயந்திரத்தை நீங்கள் ஏற்கெனவே கழற்றி வீசிவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன், நல்ல காரியம். கல்யாண அட்டையிலும் உணவக விலைப்பட்டியலிலும் பிழை விட்டால் திட்டு வாங்குவீர்கள், அடுத்த கிழமை எல்லோரும் மறந்துவிடுவார்கள். ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கும் நினைவு மலர் அப்படிப்பட்டதல்ல. இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, பிள்ளைகளின் கண்ணீர் வரிகள், நன்றி நவிலல் என்று பதினாறு பக்கத்தில் நாம் அடிக்கும் அந்தப் புத்தகம் அந்த வீட்டு அலமாரியில் இருபது வருடம் இருக்கும். அதில் நாம் விட்ட பிழையும் கூடவே இருக்கும்.

எனக்கு இந்த வேலையைப் பழக்கியவர் சொன்னது ஒரேயொரு வாக்கியம்தான். அவர் தன் பெயரை எங்கும் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவர், அதனால் நானும் போடவில்லை. மொன்றியலின் புவாண்ட்-கிளேரில் கிடங்குகளுக்கு நடுவே இப்போது நீங்கள் இருக்கும் அதே அறையில், என் முதல் நாளில் சொன்னார்: "தம்பி, நினைவு மலரைச் செத்தவர் வாசிக்கிறேல்லை." நான் பெரிதாகத் தலையாட்டினேன். இருக்கிறவர்களின் மனம் நோகாமல் இனிமையாக எழுதவேண்டும் என்பதுதான் அதன் பொருள் என்று எடுத்துக்கொண்டேன். அவர் என்ன நினைத்துச் சொன்னாரென்று கேட்கத் தோன்றவில்லை.

அந்த விளக்கம் சில வருடங்கள் நன்றாகவே வேலை செய்தது. முப்பது வருடமாக முகம் பார்க்காத இரண்டு சகோதரர்களில் ஒருவர் இறந்தபோது, மற்றவரை 'பாசமிகு தம்பி' என்று எழுதிவிட்டேன். வீட்டார் பயந்தார்கள். அந்தத் தம்பி மண்டபத்தில் அதைப் படித்துவிட்டுக் குலுங்கி அழுதார், அதன்பிறகு அண்ணனின் பிள்ளைகளோடு பேசத் தொடங்கினார். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. எந்த வீட்டுக்கு எந்தச் சொல் மருந்து என்று எனக்குத் தெரியும் என நம்பத் தொடங்கினேன். இந்தத் தொழிலில் உங்களுக்கு நடக்கக்கூடிய ஆபத்துகளில் இதுதான் பெரியது.

பிலோமினா அக்கா ஒரு திங்கட்கிழமை காலை வந்தார். டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களைத் துப்புரவு செய்யும் வேலை. சீருடையோடு நேரே வந்திருந்தார். மன்னார்க் கரையோரம், கத்தோலிக்கக் குடும்பம். அவருடைய அண்ணன் பொறுப்பேற்று இந்த நாட்டுக்கு எடுத்துவிட, மகன் அன்ரனோடு கனடா வந்தவர். அன்ரன் இங்கே டவுன்டவுனில் பல்கலைக்கழகம் போனான், உணவகச் சமையலறைகளில் வேலை செய்தான். படிப்பு முடிய ஸ்பெயினுக்கு யாத்திரை நடக்கப் போனவன் திரும்பி வரவில்லை. அந்த யாத்திரை போய்ச் சேரும் ஊரிலேயே, யாத்திரிகர் தங்கும் விடுதியொன்றில் சமையற்காரனாக நின்றுவிட்டான். இனேஸ் என்ற அந்த ஊர்ப் பெண்ணைக் கல்யாணமும் செய்துகொண்டான். ஒரு காலை அடுப்படியில் விழுந்தவன் எழும்பவில்லை. மூளையில் இரத்தக் கசிவு என்றார்கள். முப்பது வயது ஆகவில்லை.

அக்கா போய் அடக்கத்தில் நின்றுவிட்டுத் திரும்பியிருந்தார். இங்கே அவரை விட்டுவைக்கவில்லை. பிள்ளையைக் கொண்டுவராமல் யாரோ ஊரில் விட்டுவிட்டு வந்தாளே என்று உறவு முழுவதும் கதைத்தது. அவருடைய சொந்த அண்ணனே முகம் கொடுத்துப் பேசவில்லை. முப்பத்தோராம் நாள் பூசைக்கு எல்லோரும் வருவார்கள், எல்லோர் கையிலும் நினைவு மலர் போகும். அதைப் படிக்கிறவர்கள் தன் பிள்ளை எப்படிப்பட்ட இடத்தில் இருக்கிறான் என்று அறியவேண்டும், அதற்கு அந்த ஊர்ப் பெயரின் அர்த்தத்தை முன்பக்கத்தில் போடவேண்டும் என்பது அவருடைய வேண்டுகோள். கையோடு ஓர் உறையில் படங்களும் கொண்டுவந்திருந்தார்.

ஊரின் பெயர் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா. நான் கொஞ்சம் மிடுக்காக, ஸ்பானிய மொழியில் சந்தியாகோ என்றால் என்னவென்று தேடிப் பார்க்கிறேன் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் லேசான சிரிப்பு இருந்தது.

"சந்தியாகோ எனக்குத் தெரியும் தம்பி. எங்கட ஊர்க் கோயில் சந்தியோகுமையோர். யாகப்பர் எண்டும் சொல்லுவினம். அவற்ற கல்லறை அங்கதான். மற்றப் பாதியைப் பார்த்துச் சொல்லுங்கோ."

நான் யாழ்ப்பாணத்துச் சைவன். சந்தியாகு, சந்தியாப்பிள்ளை என்று எத்தனை பெயரை அச்சுக் கோத்திருக்கிறேன். அந்தப் பெயர்களும் ஸ்பெயினில் இருக்கும் ஓர் ஊரின் பெயரும் ஒரே புனிதருடையவை என்பதும், போர்த்துக்கேயர் காலத்தில் அந்தப் பெயர் எங்கள் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது என்பதும் எனக்கு அன்றுதான் தெரியும். பாதி விடையைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவரிடம் மீதிப் பாதியையாவது சரியாகக் கொடுத்திருக்கவேண்டும்.

அப்போது ஒரு கியூபெக்காரர் தன் தேவாலயத்தின் வாராந்த அறிவித்தலை எங்களிடம் அடிப்பித்துக்கொண்டிருந்தார். லத்தீன் படிப்பித்து ஓய்வுபெற்றவர். அவரிடம் கேட்டேன். என் பிரெஞ்சு டெப்பனர் எனும் மூலைக்கடையில் பால் வாங்கப் போதுமான பிரெஞ்சு, ஆனால் அவர் பொறுமைசாலி. கொம்போஸ்தெலாவுக்கு இரண்டு விளக்கம் பெரிதாகச் சொல்கிறார்கள் என்றார். ஒன்று, நட்சத்திர வயல். வயல்வெளிக்கு மேலே ஒளியைக் கண்டு போனவர்கள் புனிதரின் கல்லறையைக் கண்டுபிடித்தார்கள் என்ற பழங்கதையோடு சேர்ந்தது, எல்லா வழிகாட்டிப் புத்தகத்திலும் இருப்பது. மற்றது, ஒழுங்காக வைத்தல், இறந்தவரை அடக்கம் செய்தல் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அந்தப் பெருங்கோயிலின் அடியில் தோண்டியபோது பழைய கல்லறைகள் வரிசையாக இருந்தன, ஆகவே சின்ன இடுகாடு என்பது பெயராக இருக்கலாம். அவருடைய மனம் இரண்டாவது பக்கம்தான் சாய்ந்தது. ஆனால் அறிந்தவர்கள் இன்னும் முடிவாகச் சொல்லவில்லை, அச்சில் போடுவதானால் இரண்டையும் போடு என்று சொல்லிவிட்டுத் தன் தாள்களை எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டையும் போடு. எவ்வளவு எளிமையான யோசனை. நான் என்ன செய்தேன் தெரியுமா?

இடுகாடு என்றதும் என் தலைக்குள் வந்து நின்றது எங்கள் ஊர்ச் சுடலை. பெண்கள் போகாத இடம், போய்வந்த ஆண்கள் முழுகாமல் வீட்டுக்குள் வராத இடம். அந்தச் சொல்லை ஒரு தாயின் கண்முன் எப்படி வைப்பது? மகன் நட்சத்திர வயலில் இருக்கிறான் என்று படித்தால் அவருக்கு எவ்வளவு ஆறுதல், உறவுக்காரர் வாயும் அடைபடும். ஒரு நிமிடத்துக்குமேல் நான் யோசிக்கவில்லை. முன் அட்டை முழுவதும் இரவு வானம், நடுவில் அன்ரனின் சிரித்த முகம், கீழே 'நட்சத்திர வயலில் இளைப்பாறும் எங்கள் செல்வம்'. உள்ளே அதற்கு ஒரு பக்க விளக்கம், கண்ணில் நீர் வரும்படி எழுதினேன். அவர் தந்த உறைக்குள் கல்லறையின் படமொன்று இருந்தது. மரச்சிலுவை, புது மண், பூக்கள். அதையும் போடவில்லை. தவறுதலாக வைத்துவிட்டார் போலும் என்று உறையிலேயே விட்டுவிட்டேன்.

மாதிரிப் பிரதியைப் பார்க்க அவர் வந்தபோது முன் அட்டையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே இருந்த விளக்கத்தை விரல் வைத்துப் படித்தார். "அப்பிடியோ அர்த்தம்?" என்று கேட்டார். ஓம் அக்கா என்றேன். வடிவாக இருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அந்த நீண்ட பார்வையை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். ஒருவர் கையெழுத்துப் போட்டுவிட்டால் நம் பொறுப்பு முடிந்தது என்று நீங்கள் நினைக்கக்கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். நாம் சொன்ன தகவலை நம்பித்தான் அவர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள்.

இருநூறு பிரதி. வியாழன் மாலை பெட்டிகளில் கட்டிக் கொடுத்தாயிற்று. பூசை சனி காலை.

வெள்ளி காலை கடை திறந்த கையோடு பிலோமினா அக்கா மறுபடி வந்தார். கூடவே ஓர் இளம்பெண், கறுப்பு மேற்சட்டை, கையில் எங்கள் நினைவு மலர். இனேஸ் முதல்நாள்தான் விமானத்தில் வந்து இறங்கியிருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அட்டையில் வானத்தைப் பார்த்ததும் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. அவளுடைய ஊரில் கடைக்குக் கடை விற்கிற கதை அது. அவள் பிரெஞ்சில் மெதுவாக எனக்குச் சொன்னதன் சுருக்கம் இது: விடுதிக்கு வரும் யாத்திரிகர்கள் நட்சத்திர வயல் என்று சொல்லும்போதெல்லாம் அன்ரன் மறித்து மற்ற அர்த்தத்தைச் சொல்வானாம். அடக்கம் செய்த இடம் என்பதால்தான் அந்த ஊர் அவனுக்குப் பிடித்ததாம். என் அம்மாவுக்கு இதை நேரில் சொல்லவேண்டும், அவவைக் கூட்டிவந்து காட்டவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தானாம். அதை நான் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். அக்கா அவளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, உங்களுக்கு இது முதலே தெரியுமோ?"

அந்த நேரத்தில் எனக்கு முன்னால் மூன்று விடைகள் இருந்தன. தெரியாது என்று சொல்லலாம், லத்தீன்காரர் அங்கே இல்லை, பிடிபட மாட்டேன். அறிந்தவர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை என்று சொல்லலாம். அது உண்மையும்கூட, அதனால்தான் அது முதலாவதைவிட மோசமான விடை. வாய்வரை வந்தது அந்த இரண்டாவதுதான். நீங்களும் ஒருநாள் இப்படி நிற்பீர்கள். உண்மையாக இருக்கும் ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள ஆசை வரும். நான் அதை விழுங்கிக்கொண்டதற்குக் காரணம் என் நேர்மை என்று சொல்லமாட்டேன். அந்த முகத்துக்கு முன்னால் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

தெரியும் அக்கா என்றேன். உங்கள் மனம் நோகுமென்று விட்டுவிட்டேன் என்றேன்.

அவர் கதிரையில் அமர்ந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அன்ரனுக்கு மூத்த மகன் ஒருவன் தனக்கு இருந்தான், ஜெறோம் என்று பெயர், கடைசி யுத்தத்தில் காணாமல் போனான் என்று சொன்னார். எனக்கு அது தெரியாது. அத்தனை பக்கம் எழுதினேன், உடன்பிறந்தவர்கள் யாரென்று அவர் தந்த தாளில் ஒரு வரி வெறுமையாக இருந்தது, ஏன் என்று நான் கேட்கவில்லை. அவர் குரல் உயராமலே சொன்னார்:

"ஒரு பிள்ளை எங்க கிடக்கிறான் எண்டே தெரியாது. கேக்காத இடமில்லை. மற்றவன் சேமக்காலையில இருக்கிறான், பேர் எழுதின சிலுவைக்குக் கீழ இருக்கிறான் எண்டு சொல்லத்தான் இந்தப் புத்தகத்தை அடிப்பிச்சனான். நீங்கள் அவனையும் வானத்துக்கு அனுப்பிப்போட்டீங்கள்."

சேமக்காலை. கத்தோலிக்கருக்கு இடுகாட்டின் பெயர் அது. ஆத்துமாக்கள் திருநாளில் பிள்ளைகுட்டிகளோடு போய், கல்லறையைக் கழுவிப் பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்தி, நின்று கதைத்துவிட்டு வரும் இடம். அந்தச் சொல்லையும் நான் நூறு தடவை அச்சடித்திருக்கிறேன். என் சுடலையை அவருடைய சேமக்காலையின் மேல் தூக்கி வைத்தது நான். அவருக்கு எது பயம், எது ஆறுதல் என்று என் வீட்டு வழக்கத்தை வைத்துத் தீர்ப்பெழுதிவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது, இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அன்று நான் செய்த ஒரேயொரு சரியான காரியம், மன்னிப்புக் கேட்டு நேரத்தைப் போக்காமல் ஒரு கேள்வி கேட்டது. இப்போது என்ன போடவேண்டும், நீங்களே சொல்லுங்கள் என்றேன். முதல் திங்கட்கிழமையே கேட்டிருக்கவேண்டிய கேள்வி. அவர் கல்லறைப் படம் எங்கே என்றார். உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதை மேசையில் வைத்துத் தட்டினார். இது முன்னுக்கு என்றார். லத்தீன்காரர் சொன்ன இரண்டு அர்த்தத்தையும், எது சரியென்று முடிவாகத் தெரியாது என்பதையும் இம்முறை ஒளிக்காமல் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார்.

"சேமக்காலை எண்டதை முதல் போடுங்கோ. வானத்து வெள்ளியும் கிடக்கட்டும், கீழ, சின்ன எழுத்தில."

இன்னொன்றும் இருந்தது. நம்முடைய நினைவு மலர்கள் எல்லாம் ஒரே அச்சில் தொடங்கும் என்பது உங்களுக்குத் தெரியும்: இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார். இரண்டு இடம் போதும் என்று யார் முடிவு செய்தார்களோ தெரியாது. அக்கா மூன்றாவது இடமும் அதே வரியில் வரவேண்டும் என்றார். அதனால் அந்த வரி இப்படிப் போயிற்று: மன்னாரைப் பிறப்பிடமாகவும், மொன்றியலை வதிவிடமாகவும் கொண்டிருந்து, கொம்போஸ்தெலாவில் அடக்கம் செய்யப்பட்ட அன்ரன். நான் அழகுபடுத்தவில்லை. ஒரு பெயரடைகூடச் சேர்க்கவில்லை.

பழைய அட்டையைக் கழற்றி, உள்ளே ஒரு தாளை மாற்றி, புது அட்டை போட்டுத் தைக்கவேண்டும். மற்ற வேலைகளை ஒதுக்கினோம். அக்கா வேலைக்குப் போகவில்லை. இனேஸ் மேற்சட்டையைக் கழற்றிவிட்டு அட்டைகளை மடிக்கத் தொடங்கினாள், அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மாமியும் மருமகளும் பொது மொழி இல்லாமல் ஒரே மேசையில் எதிரெதிராக இருந்து இருநூறு தடவை அந்தக் கல்லறைப் படத்தைக் கையில் எடுத்து வைத்தார்கள். நாலு மணிக்குப் பெட்டி கட்டியாயிற்று.

சனி காலை பூசை முடிய மண்டபத்துக்கு நானும் போனேன். வழக்கமாகப் போகமாட்டேன். வாசலில் நின்று அக்காவே ஒவ்வொருவருக்கும் புத்தகத்தைக் கொடுத்தார். சிலர் அட்டையைப் பார்த்துத் திடுக்கிட்டார்கள், கல்லறையை முன்னுக்குப் போட்ட நினைவு மலரை அவர்கள் கண்டிருக்கமாட்டார்கள். அவருடைய அண்ணன் கடைசியாக வந்தார். இந்த நாட்டுக்கு அவரை எடுத்துவிட்டவர், அந்த உரிமையோடு, நாலு பேர் கேட்கத்தான் கேட்டார்.

"எல்லாம் சரி. பெடியனை ஏன் அங்க விட்டிட்டு வந்தனி?"

பிலோமினா அக்கா புத்தகத்தை அண்ணன் பக்கம் திருப்பி, சிலுவையில் பெயர் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"விட்டிட்டு வரேல்லை அண்ணை. வைச்சிட்டு வந்தனான். இதுதான் இடம். எப்பவெண்டாலும் போய்ப் பார்க்கலாம்."

அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். பிறகு இனேஸ் நின்ற இடத்துக்குப் போய் அவள் தலையில் கைவைத்தார். அவளுக்கு என்ன சொன்னாரோ எனக்குக் கேட்கவில்லை.

நான் வெறும் பெட்டிகளை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அக்கா பின்னால் வந்தார். பேசத் தெரியாமல், மூத்த மகனின் படத்தையும் ஒரு பக்கத்தில் போட்டிருக்கலாமே என்று உளறினேன். அவர் மறுத்துத் தலையசைத்தார். அவனுக்குத் தனியாகத்தான் அடிக்கவேண்டும் என்றார்.

"இடம் தெரிஞ்சால் உங்களிட்டத்தான் வருவன் தம்பி."

அதற்குப் பிறகும் பல வருடம் அந்த மேசையில் இருந்தேன். அவர் வரவில்லை. இப்போது எனக்கு முழங்கால் சரியில்லை, மேசை உங்களுடையது. அவருக்கு எழுபது தாண்டியிருக்கும். ஒருநாள் ஒரு வயதான அம்மா கதவைத் திறந்துகொண்டு வந்து, என் பெயரைச் சொல்லி விசாரித்து, மூத்தவனுக்கு ஒரு நினைவு மலர் அடிக்கவேணும் எண்டு சொன்னால், கையிலிருக்கிற வேலை எதுவானாலும் நிறுத்திவிடுங்கள். முதலில் கதிரை போடுங்கள். பெயர், பிறந்த இடம், இருந்த இடம் என்று வழமையான வரிசையில் கேட்கவேண்டாம். அவன் எங்கே என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்லும் ஊரின் பெயரை, அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். எழுதி முடித்த பிறகு எனக்கு ஒரு தொலைபேசி எடுங்கள், எந்த நிலையிலும் நான் வந்துவிடுவேன்.